சித்தப்பாவின் ஹார்பர் டீம்

எங்கள் வீட்டில் அப்பா ரயில்வே, சித்தப்பா ஹார்பர். பழைய வண்ணாரப்பேட்டையில் அதொன்றும் விசேஷமில்லை. ஜி.ஏ. ரோட்டை ஒட்டி நாங்கள் குடியிருந்த சந்தில் ஒரு வீட்டில் பி அண்ட் சி மில், அடுத்த வீட்டில் விம்கோ தீப்பெட்டி, எதிர்வீட்டில் அசோக் லேலண்ட் என்று ஆளுக்கொரு கேட் இருந்தது. மனிதர்களின் பெயரைவிடக் கம்பெனிப் பெயர்தான் முன்னால் வரும். என்ஃபீல்டு அண்ணன், லோகோ மாமா என்றால்தான் யாரென்று தெரியும். அப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். சித்தப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணி, சிட்டையில் கோடு போட்டுக் குறிக்கிற வேலை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் புட்பால். ஒத்துப்போகாத ஒரே விஷயமும் அதுதான்.

அப்பாவுக்கு ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே தவிர வேறு டீம் கிடையாது. சித்தப்பாவுக்குப் போர்ட் டிரஸ்ட். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசனையோடு தொடங்கும் வாக்குவாதம் அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் முடியாது. "ரயிலு இல்லாங்காட்டி உன் கப்பல் சரக்கு எங்கடா போவும்?" என்பார் அப்பா. "கப்பலு வராங்காட்டி உன் ரயிலுக்கு இன்னா நைனா வேலை?" என்பார் சித்தப்பா. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்பியது என்பதைச் சித்தப்பாவிடம் அப்பா ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். ஏதோ அவரே பச்சைக்கொடி காட்டி அனுப்பிய மாதிரி இருக்கும்.

இந்த வீட்டுச் சண்டைக்குள் தென்னமெரிக்கா புகுந்தது ஒரு சமையல்காரரால். எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு சரக்குக் கப்பலில் வந்தவர், உருகுவே நாட்டுக்காரர். சரக்கு இறக்க நாள் கணக்கில் இழுத்தடிக்கும் காலம் அது. கப்பலில் டாலி எழுதப் போன சித்தப்பாவுக்கும் அவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷும் சிகரெட்டும். பேச்சு புட்பாலில் போய் நின்றதில் ஆச்சரியமில்லை. அன்று ராத்திரி சித்தப்பா வீட்டுக்கு வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. கைகால்கூடக் கழுவாமல் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"அந்த ஊர்ல பெரிய டீமே ரயில்வேக்காரன் ஆரம்பிச்சதாம்ணா. பேரு பெனரோலு."

அப்பா சோற்றில் கை வைத்தபடியே சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மான்டிவிடியோ நகரத்தில் 1891ல் இங்கிலீஷ் ரயில் கம்பெனி ஆட்கள் ஒரு கிரிக்கெட் கிளப் தொடங்கினார்கள். கிரிக்கெட் அங்கே வேரூன்றவில்லை, கூடவே ஆடிய பந்து ஊன்றிவிட்டது. ரயில்வேயின் கறுப்பும் மஞ்சளுமே சட்டைக்கு நிறமானது. பட்டறை இருந்த பேட்டையின் பெயரே கடைசியில் கிளப்புக்கு நிலைத்தது. 1960ல் தென்னமெரிக்க கிளப்புகளுக்கென்று கோப்பா லிபர்டடோரஸ் போட்டி ஆரம்பித்தபோது முதல் இரண்டு வருடமும் கோப்பையைத் தூக்கியது அந்த ரயில்வே டீம்தான். இதில் பாதியைத்தான் சமையல்காரர் சொல்லியிருக்க வேண்டும். மீதி, நான் வளர்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. அப்பாவுக்குப் பாதியே போதுமானதாக இருந்தது. கண்ணால் பார்க்காத, பெயரை எழுத்துக்கூட்டி எழுதக்கூடத் தெரியாத ஒரு டீமுக்கு அன்று முதல் அவர் ஆயுள் உறுப்பினர் ஆகிவிட்டார்.

சித்தப்பா விடுகிற ஆளா? மறுநாள் கப்பலேறிப் போய் முதல் வேலையாக, "உங்க பக்கம் ஹார்பர் டீம் ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டிருக்கிறார். சமையல்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இருக்கிறது, ஆனால் ஆற்றுக்கு அந்தாண்டை, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் என்றாராம். அப்படித்தான் போகா ஜூனியர்ஸ் என்ற பெயர் வண்ணாரப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது.

சித்தப்பா அந்தக் கதையைச் சொன்ன மாதிரி இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. லா போகா என்பது ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் கட்டும் இடம். இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தகரத்தை அடித்து வீடு கட்டி, கப்பலுக்குப் பூசி மிஞ்சிய பெயின்டைச் சுவருக்கு அடித்துக்கொண்டு வாழ்ந்த பேட்டை. "காசிமேட்டுல போட்டுக்கு அட்ச்ச பெயின்ட்டு வாசக்கதவுல இருக்குதில்ல, அத்தே மாரி" என்பார். அந்தப் பேட்டைப் பையன்கள் சிலர் 1905 ஏப்ரல் 3ஆம் தேதி பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து டீம் ஆரம்பித்தார்கள். பாலியெத்தோ, ஸ்கார்பாத்தி, சானா, ஃபரேங்கா சகோதரர்கள் என்று கிளப் சரித்திரத்தில் பெயர்கள் இருக்கின்றன. சித்தப்பாவின் கதையில் அவர்களுக்குப் பெயர் இல்லை, "நம்ம ராபின்சன் பார்க்குல குந்திகினு பேசுற பசங்க" என்பதோடு சரி.

டீம் ஆரம்பித்தாயிற்று, சட்டைக்கு நிறம் அமையவில்லை. எதை எடுத்தாலும் வேறொரு டீம் ஏற்கெனவே போட்டிருக்கிறது. கடைசியில் 1907ல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: துறைமுகத்தில் அடுத்து எந்தக் கப்பல் நுழைகிறதோ அதன் கொடியின் நிறமே நம் நிறம். வந்தது ஸ்வீடன் கப்பல். நீலத்தில் மஞ்சள். கதை அப்படித்தான் சொல்கிறது, கிளப்பும் அதையே சொல்கிறது. துறைமுகத்தில் பிறந்த டீம் கடலைப் பார்த்துச் சீட்டுக் குலுக்கியதை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

இதைக் கேட்ட பிறகு எங்களுக்கு இருப்புக்கொள்ளுமா? எங்கள் சந்துப் பையன்களிடமும் ஒரு டீம் இருந்தது, அதற்கும் சட்டை கிடையாது. ஒரு சனிக்கிழமை கல்மண்டபம் வழியாக நடந்து கடற்கரைப் பக்கம் போய்க் கருங்கல் குவியல்மேல் ஏறி நின்றோம். அப்போதெல்லாம் ராயபுரம் கடலோரத்தில் நின்றால் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருப்பது தெரியும், உள்ளே நுழைவதும் தூரத்தில் தெரியும். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருவழியாக ஒரு கப்பல் அசைந்தது. முன்கம்பத்தில் பறந்தது நம் மூவர்ணக்கொடி! ஏமாற்றமென்றால் அப்படியொரு ஏமாற்றம். வெளிநாட்டுக் கப்பல் ஒரு நாட்டின் துறைமுகத்துக்குள் வரும்போது மரியாதைக்கு அந்த நாட்டுக் கொடியை முன்னால் ஏற்றும், சொந்தக் கொடி பின்பக்கம்தான் இருக்கும் என்று ராத்திரி சித்தப்பா விளக்கினார். "பின்னாடி பார்த்திருந்தாலும் பனாமாவாத்தான் இருக்கும். முக்காவாசி கப்பலு அத்தான். செவப்பு, நீலம், வெள்ளை, நட்சத்திரம் வேற. எந்த டைலர் தைப்பான்?" என்று கேட்டுவிட்டு, "பேசாம ஸ்வீடனையே வச்சிக்கோங்க" என்றார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவே முடிந்ததை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

துணிக்கும் சாயத்துக்கும் வண்ணாரப்பேட்டையில் பஞ்சமா? கம்பெனிக்காரன் காலத்தில் துணி வெளுக்கவும் சாயம் ஏற்றவும் ஆட்களைக் குடிவைத்துத்தானே இந்தப் பேட்டைக்கே பெயர் வந்தது! எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைகளுக்குச் சரக்குப் போடும் ஒரு சாயக்காரர் எங்கள் பள்ளித் தோழனின் பெரியப்பா. வீட்டுக்கு ஒன்றாகப் பழைய வெள்ளை பனியன் திரட்டினோம். அவர் அண்டாவில் நீலத்தைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, கைப்பிடி உப்பைத் தூவி, மூங்கில் கழியால் பனியன்களை முக்கி முக்கி எடுத்தார். கழியைத் தூக்கும்போது நீலம் கறுப்பாகத் தெரியும், பிழிந்து உதறினால்தான் உண்மை நிறம். மஞ்சள் பட்டைக்கு ஜாக்கெட் துணி வெட்டுத்துண்டு. நெஞ்சுக்குக் குறுக்கே அதை வைத்து டைலரிடம் தையல் போட்டு வாங்கினோம். முதல் மேட்சில் வியர்வை கொட்டியதும் நீலம் மஞ்சளுக்குள் இறங்கி, இடைவேளைக்குள் பட்டை பச்சையாகிவிட்டது. வயிறு, கழுத்தெல்லாம் நீலம். அம்மாக்கள் ஒரு வாரம் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தார்கள்.

நாங்கள் ஆடியது கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய காலி இடத்தில். கூட்ஸ் வண்டி கடந்து போகிறவரை ஆட்டம் நிற்கும், வண்டி போனதும் யாரிடம் பந்து இருந்தது என்பதில் சண்டை நடக்கும். பந்து சித்தப்பா காலத்து லேஸ் பந்து. கடையில் வால்வு வைத்த பந்து வந்துவிட்டிருந்தது, எங்களுக்குத்தான் வரவில்லை. லேஸ் பந்தைத் தயார் செய்வது தனிக் கலை. தோலுக்குள் இருக்கும் ரப்பர் பிளாடரின் கழுத்தை வெளியே இழுத்து, சைக்கிள் பம்பைச் செருகிக் காற்றடிக்க வேண்டும். போதும் என்று தோன்றும்போது கழுத்தை இரண்டாக மடித்து, சணல் கயிறால் இறுக்கிக் கட்டி, அந்த முடிச்சைத் தோலுக்கடியில் தள்ள வேண்டும். தள்ளுவதற்குள் பாதிக் காற்று போய்விடும். பிறகு கொக்கி ஊசியால் தோல் வாரைக் கோத்து இழுக்க வேண்டும். லேசாக இழுத்தால் பந்து முட்டையாக நிற்கும், பலமாக இழுத்தால் வார் அறுந்துபோகும். மழை நாளில் தோல் தண்ணீர் குடித்துக் கல்லாகிவிடும் என்பதால் சித்தப்பா முந்தின ராத்திரியே விளக்கெண்ணெய் தடவி வைப்பார். ஹெட் அடிக்கும்போது வார்ப்பக்கம் நெற்றியில் பட்டால் போச்சு, இரண்டு நாள் வரிவரியாகத் தழும்பு நிற்கும். அதை மறைக்க யாரும் முயன்றதில்லை. பள்ளிக்கூடத்தில் நெற்றித் தழும்புக்கு மதிப்பு இருந்தது.

1986 ஜூனில் மெக்சிகோ உலகக் கோப்பை வந்தது. சந்தில் இரண்டோ மூன்றோ டி.வி. பெட்டிகள்தான். ஹவுஸ் ஓனர் வீட்டு டயனோராவை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். உள்ளே பெரியவர்கள், வெளியே திண்ணையில் நாங்கள். அங்கே நடுப்பகல் ஆட்டம் நமக்கு ராத்திரி பதினொன்றரை. இங்கிலாந்துடன் அர்ஜென்டினா ஆடியது ஞாயிறு ராத்திரி, மறுநாள் பள்ளிக்கூடம். மரடோனா கையால் தட்டிய முதல் கோல் கறுப்பு வெள்ளைப் படத்தில் எங்களுக்குத் தலையால் அடித்ததாகத்தான் தெரிந்தது. "கை, கை!" என்று கத்தியது என்ஃபீல்டு அண்ணன் ஒருவர்தான், அவரை அடித்து உட்காரவைத்தார்கள். நாலு நிமிடம் கழித்து, தன் பாதி மைதானத்திலிருந்து பந்தைக் கிளப்பி ஒவ்வொருத்தராக ஒதுக்கிவிட்டு, கோல்கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டாரே, அப்போது கத்த யாருக்கும் குரல் எழவில்லை. சித்தப்பா மட்டும் எழுந்து நின்று, "யார்றா இவன்? ஹார்பர் டீமு!" என்றார்.

ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகையின் பழைய பிரதிகளை அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடைகளில் கிளறி அவர் கண்டுபிடித்து வைத்திருந்த சங்கதி அது. 1981ல் மரடோனா போகாவுக்கு ஆடினார். அந்த வருடம் ஏப்ரல் 10ஆம் தேதி, மழையில் சேறான மைதானத்தில், பரம வைரியான ரிவர் பிளேட்டை மூன்றுக்குப் பூஜ்யம் என்று அடித்தார்கள். அதில் ஒன்று கோல்கீப்பர் ஃபிலோலைத் தரையில் தவழவிட்டு மரடோனா போட்டது. பட்டமும் அந்த வருடம் போகாவுக்கே. அடுத்த வருடம் பார்சிலோனா வாங்கிக்கொண்டு போய்விட்டது, பிறகு நேப்பிள்ஸ். இதிலிருந்து சித்தப்பா ஒரு சித்தாந்தமே உண்டாக்கினார்: மரடோனா துறைமுகம் இல்லாத ஊரில் ஆட மாட்டான். பார்சிலோனா துறைமுகம், நேப்பிள்ஸ் துறைமுகம். பின்னால் செவில்லுக்குப் போனபோது அப்பா, "அது உள்நாடு" என்று வரைபடத்தைக் காட்டினார். ஆற்றுத் துறைமுகம் உண்டென்று சித்தப்பா வேறொரு வரைபடத்தைக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் ரொசாரியோ நகரத்து நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ். ரொசாரியோவும் துறைமுகம். அங்கேயும் ரயில்வேக்காரர்கள் 1889ல் ஆரம்பித்த ரொசாரியோ சென்ட்ரல் இருக்க, அதை விட்டு எதிராளி டீமுக்கு மரடோனா போனதை அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை.

ரிவர் பிளேட் கதையை மட்டும் சித்தப்பா சிரிக்காமல்தான் சொல்வார். அவர்களும் 1901ல் அதே லா போகா பேட்டையில் பிறந்தவர்கள். வசதி வந்ததும் நகரத்தின் வடக்கே பணக்காரப் பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள், கோடீஸ்வரர்கள் என்று பட்டம் வாங்கினார்கள், பழைய பேட்டைக்காரர்களைச் சாணிக்காரர்கள் என்று ஏளனம் செய்தார்கள். போகா ரசிகர்கள் அந்த வசவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டாகப் பாடினார்கள். பேட்டையை விட்டு நகராமல், இருந்த துண்டு நிலத்திலேயே 1940ல் ஸ்டேடியம் கட்டினார்கள். இடம் போதாததால் மூன்று பக்கம் கேலரி செங்குத்தாக எழும்பும், நாலாவது பக்கம் தட்டையாக நிற்கும். சாக்லேட் டப்பா என்று செல்லப்பெயர். எங்கள் திசையும் பட்டணத்தில் ஒரு மாதிரியாகப் பார்க்கப்படுவதுதான். மவுண்ட் ரோட்டுக்கு அந்தாண்டை வேலைக்குப் போய், வீடு வண்ணாரப்பேட்டை என்றால் எதிரே இருப்பவர் முகம் ஒரு கணம் மாறுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சித்தப்பா தன் பேச்சை யாருக்காகவும் மாற்றியதில்லை.

பல்லவன் பஸ் பிடித்து, சென்ட்ரல் பின்னால் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்கு லீக் பார்க்க எங்களைக் கூட்டிப்போனவர் அவர்தான். ஐ.சி.எஃப்., இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ், சதர்ன் ரயில்வே, போர்ட் டிரஸ்ட் என்று ஆடுகிற டீமெல்லாம் ஆபீஸ்தான். கேலரியில் வேர்க்கடலை விற்பவருக்கு எல்லா விங்கர் பெயரும் தெரியும். ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் எங்கள் பக்கத்துப் பையன்கள்: வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, ராயபுரம். 1993ல் அதே இடத்தில் புது நேரு ஸ்டேடியம் எழுந்து, நேரு கோப்பை சென்னைக்கு வந்தது. ருமேனியாவை இரண்டு கோலில் வென்று வட கொரியா கோப்பையை எடுத்துப்போனது. அதற்கும் போனோம். கூட்டத்தைப் பார்த்து இனி இந்த ஊரில் புட்பாலுக்குக் குறையில்லை என்று அப்பாவே சொன்னார். அவர் அப்படி வாய்விட்டுப் பாராட்டுவது அபூர்வம்.

எங்கள் சந்தில் ஓர் அண்ணன் இருந்தார், இடதுகால்காரர். கார்னரிலிருந்து நேராக கோலுக்குள் திருப்புவார். அவருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் ஆபீஸ் டீமில் இடம் கிடைத்த அன்று தெரு முழுக்க லட்டு. நாலைந்து வருடம் ஆடினார். பிறகு அந்த ஆபீஸ் ஆள் எடுப்பதை நிறுத்தியது, டீமுக்கு வயதாகியது, ஒரு நாள் டீமே இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்க்கத் தொடங்கினார். சம்பளம் வந்தது, பென்ஷன் வரும், பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அதில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பசித்த வீட்டுக்குப் புட்பால் சோறு போட்டது. வடசென்னையில் பந்துக்கு இதைவிடப் பெரிய பெருமை கிடையாது. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே "எந்த டீம்ல ஆடறே?" என்று கேட்டால் "எந்த ஆபீஸ்ல வேலை?" என்று அர்த்தம். டீம் கம்பெனியுடையது, தெருவுடையதல்ல. பி அண்ட் சி மில் 1996ல் மூடியபோது சங்கு நின்றது, சங்கோடு சேர்ந்து எத்தனையோ நின்றன. விம்கோ இன்று ஒரு மெட்ரோ ஸ்டேஷனின் பெயர்.

பெனரோலும் ரயில் கம்பெனியிலிருந்து வந்ததுதானே? கம்பெனி கைவிட்டதும் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். போகாவோ முதலிலிருந்தே உறுப்பினர்களின் கிளப். மாதச் சந்தா கட்டுகிறவர்கள் சொந்தக்காரர்கள், அவர்கள் ஓட்டுப்போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1995 முதல் 2007 வரை அந்த நாற்காலியில் இருந்த மவ்ரிசியோ மக்ரி பின்னால் நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார். 2023 டிசம்பரில் பழைய ஆட்டக்காரர் ரிக்கெல்மேயைத் தலைவராக்கினார்கள். 1925ல் போகா ஐரோப்பாவுக்குப் போய் பத்தொன்பது ஆட்டத்தில் பதினைந்தை வென்றபோது, சொந்தச் செலவில் கூடவே போய் மூட்டை தூக்கி, மசாஜ் செய்து, ஆட்டக்காரர்களுக்கு உதவியாக இருந்த ஒரு ரசிகரைப் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்றார்கள். ரசிகர் கூட்டத்துக்கே இன்று அந்த எண்தான் பெயர். எங்கள் இடதுகால் அண்ணனுக்குப் பின்னால் அப்படிச் சந்தா கட்ட ஒரு தெரு இருந்திருந்தால்? லட்டு வாங்கக் காசு சேர்த்த தெருதான் அது.

கப்பல் சமையல்காரர் திரும்ப வரவேயில்லை. சித்தப்பாவிடம் அவர் விட்டுப்போனது ஒரு ஸ்பானிஷ் பத்திரிகை, அட்டை இல்லாதது, எண்ணெய்க் கறை படிந்தது. மொழி புரியாமலே அதிலிருந்து எண்களைப் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதிவைத்தார், டாலி எழுதுகிற அதே கையெழுத்தில், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டு. போகாவின் லிபர்டடோரஸ் கணக்கு அதில் இருந்தது. 1963ல் பெலேயின் சான்டோஸிடம் இறுதிப்போட்டியில் தோற்றது. 1977ல் குரூசெய்ரோவுடன் மூன்றாவது ஆட்டம் வரை இழுத்து, பெனால்டியில் காட்டி என்ற கோல்கீப்பர் தடுத்து, முதல் கோப்பை. 1978ல் மறுபடி. அப்புறம் நோட்டில் பல பக்கம் காலி. 2000ல் பழைய பேனாவைத் தேடி எடுத்தார். அந்த வருடம், மறு வருடம், 2003, 2007 என்று கோடுகள் ஏறி ஆறானது. 2000 நவம்பரில் டோக்கியோவில் ரியல் மாட்ரிட்டை முதல் ஆறு நிமிடத்துக்குள் பலெர்மோ இரண்டு கோலடித்துச் சாய்த்த செய்தி நம் பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அதை வெட்டி ஒட்டியிருந்தார். மரடோனா முடியில் மஞ்சள் பட்டை தீட்டிக்கொண்டு போகாவுக்குத் திரும்பி வந்ததும், 1997 அக்டோபரில் ரிவருக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் இடைவேளையோடு வெளியேற, பத்தொன்பது வயது ரிக்கெல்மே உள்ளே வந்ததும் இருந்தன. 2011ல் ரிவர் பிளேட் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய அன்று ஒரு பக்கம் முழுக்க ஒரே வார்த்தை எழுதியிருந்தார். அதை இங்கே அச்சில் போட முடியாது.

அப்பா அதற்குள் காலமாகிவிட்டார். அதே 2011ல் சான்டோஸ் லிபர்டடோரஸ் வென்றது, தோற்றது பெனரோல். அந்த சான்டோஸ் டீமில் இருந்த எலானோ 2014ல் சென்னையின் எஃப்.சி.க்கு ஆட வந்து, எட்டு கோலடித்து, நேரு ஸ்டேடியத்தில் ஃப்ரீ கிக் என்றாலே கூட்டத்தை எழுந்து நிற்கவைத்தார். "உங்கப்பன் டீமைக் கவுத்தவன்டா இவன்" என்று சித்தப்பா என் காதில் சொன்னபோது அதில் பெருமையைவிட வேறேதோ இருந்தது. சண்டை போட ஆளில்லாமல் அவர் திண்டாடினார். அடுத்த வருடம் எலானோ கேப்டனாக, கோவாவில் கடைசி இரண்டு நிமிடத்தில் ஆட்டத்தைப் புரட்டி சென்னை பட்டம் வென்றது. 2018ல் இரண்டாவது பட்டம் வந்தபோது டீமில் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் இருந்தார். பேசின் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் குட்டி பிரேசில் என்று பெயரெடுத்த பேட்டை. அங்கே முல்லை நகர் மைதானத்தில் உமாபதி, தங்கராஜ் போன்றவர்கள் பந்தோடு டியூஷனையும் சேர்த்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஆபீஸ் டீம்கள் மெலிந்த காலத்தில் தெரு தானாக எழுந்து நின்றது அங்கேதான் என்பது என் எண்ணம்.

2018 டிசம்பரில் லிபர்டடோரஸ் இறுதிப்போட்டி போகாவுக்கும் ரிவருக்கும். சித்தப்பா ஆயுளுக்கும் காத்திருந்த ஆட்டம். போகா பஸ்ஸின்மேல் கல்லெறிந்ததில் ஆட்டம் தள்ளிப்போய், கடைசியில் மாட்ரிட்டில் நடத்தினார்கள். ரிவர் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. தோற்றதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். "ஸ்பெயின்காரனைத் தொரத்துனவங்க பேர்ல கப்பு வச்சிட்டு, அவன் ஊர்லயே போய் ஆடுனா எப்படி வெளங்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் பொங்கலுக்குப் பேரனுக்குச் சட்டை எடுக்க எம்.சி. ரோடு போனபோது நானும் கூட இருந்தேன். ஜெர்சிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின: மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோ. சித்தப்பா நீலத்தில் மஞ்சள் பட்டை போட்டது கேட்டார். கடைப் பையன் முதலில் ஒரு மஞ்சளை உருவிப் போட்டான், அது தோனி. பிறகு ஒரு நீலம், அது சென்னையின் எஃப்.சி. "ரெண்டும் சேர்ந்ததுபா, போகா" என்றார் சித்தப்பா. பையன் யோசித்துவிட்டு, "அது எந்த ஸ்கூல் தாத்தா? யூனிஃபார்ம் எல்லாம் நாலாவது கடை" என்றான். சித்தப்பா அவனை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, 1905லிருந்து ஆரம்பித்தார்.